பெங்குவினுக்குக் கண் திறந்த திங்கட்கிழமை

பெங்குவின் என்ற பறவையை நான் முதன்முதலில் பார்த்தது மலாய் நாட்டில், காஜா பேராங்கில், எங்கள் வீட்டு வாசலில். அது ஒரு ஜப்பான்காரன். காக்கிக் கால்சட்டை, மூக்குக் கண்ணாடி, இடுப்பில் தொங்கும் துண்டு. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, உள்ளங்கையை வெளிப்பக்கம் மடக்கி, பாதங்களை அகட்டி வைத்து, இந்தப் பக்கம் ஓர் ஆட்டம், அந்தப் பக்கம் ஓர் ஆட்டம் என்று கொய்யா மரத்திலிருந்து கிணறு வரைக்கும் நடந்து காட்டினான். சண்டையில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரனைப் பார்த்துச் சிரித்தால் கன்னத்தில் அறை விழும் காலம் அது. நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். ஓடிப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தேன்.

சிரிக்கிற நேரமா அது? இல்லை. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

அப்போது எனக்கு இருபது வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவர். மயில், அன்னம், யானை, ரிஷபம் எல்லாம் அவர் கை பட்டுத்தான் மினுமினுக்கும். கோயில் வேலை இல்லாத மாதங்களில் கடைகளுக்குப் போர்டு எழுதுவார். ஜப்பான்காரன் வந்ததும் இங்கிலீஷ் போர்டுகளை அழிக்கச் சொன்னான். தான் எழுதியதைத் தானே அழித்துக்கொண்டு திரிந்தார் மனுஷர். அழித்து முடிந்ததும் வேலையும் முடிந்தது.

வேலையில்லாத ஆம்பிளைக்கு அந்த நாளில் ஒரே வழிதான் இருந்தது, சயாம். அங்கே காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் இருந்த என் தம்பியை, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றவனை, நின்ற இடத்திலிருந்தே லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கடுதாசி இல்லை, தாக்கல் இல்லை. இப்போது எங்கள் பக்கத்திலும் வேலையில்லாதவர்கள் பெயரை எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பெயரும் அதில் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் லோரி வரும். ஏதாவது ஒரு கம்பெனி ‘இவன் என் ஆள்’ என்று முத்திரை குத்திக் கடிதம் கொடுத்தால் மட்டும் பெயரை அடிப்பார்கள். வாரம் பூராவும் அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். எவன் கொடுப்பான்? அவனவன் பிழைப்பே நாறிக் கிடந்தது.

அந்த நிலைமையில்தான் வியாழக்கிழமை ஐஸ் கம்பெனியின் ஜப்பான் மேனேஜர் எங்கள் வாசலுக்கு வந்தான். போர்டு எழுதுகிறவன் இங்கே இருக்கிறானாமே என்று கேட்டான். கேட்டது மலாயில். நாங்கள் பயத்தில் விழித்தோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நாங்கள் மலாயில் பிபிக் என்று கூப்பிடுகிறவர், அவர்தான் வந்து பேச்சுக் கொடுத்தார்.

பிபிக் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே பிறந்து மலாயே தாய்மொழியாகிப்போன செட்டி சமூகத்துக்காரி. நெற்றியில் திருநீறு, கும்பிடுவது எங்கள் மாரியம்மனை, பேசுவது முழுக்க மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது அப்பா, அண்ணே, ராகுகாலம் என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தை. வயசானவர் என்றாலும் வாய் மட்டும் பாசார் வாய், சந்தைக்கடைக்காரி வாய். ஜப்பான்காரன் முன்னாலும் அது அடங்காது.

மேனேஜர் சொன்னதை பிபிக் எங்களுக்குப் புரியும்படி பிரித்துப் பிரித்துச் சொன்னார். சண்டைக்கு முன்னால் அவன் திமிங்கில வேட்டைக் கப்பலில் இருந்தவன். உலகத்தின் தெற்குக் கோடியில், கடலே உறைந்து கிடக்கும் இடத்தில், பல வருஷம் வேலை பார்த்திருக்கிறான். ஐஸ் கம்பெனி வாசலில் அந்த ஊர்ப் பறவையின் படம் போட்டு ஒரு போர்டு வேண்டும். பறக்காது. நீந்தும். மனுஷன் மாதிரி நிமிர்ந்து நடக்கும். எப்படி நடக்கும் என்று கேட்டதற்குத்தான் அந்தக் கொய்யா மரத்து நடை.

“தெரிஞ்சுபோச்சு, துவான்!” என்றார் என் வீட்டுக்காரர். ஒரு எழவும் தெரியவில்லை. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மேனேஜருக்கு அது புரிந்ததோ என்னவோ, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவரச் சொன்னான். எங்கள் சிமிண்டுத் தரையில் குந்திக்கொண்டு வரைய ஆரம்பித்தான். அடேயப்பா! அதுவரைக்கும் அவன் வேறு ஆள், அதற்கப்புறம் வேறு ஆள். பெங்குவினை வரைந்தான். அதன் கழுத்தில் மஞ்சள் பட்டை என்று அடுப்படி மஞ்சள் டப்பாவைக் காட்டினான். கடல்நாயை வரைந்தான். அது எப்படிப் படுத்திருக்கும் என்று காட்ட, தரையில் குப்புற விழுந்து, கழுத்தைத் தூக்கி, “ஓர்க்! ஓர்க்!” என்று கத்தினான். வேலி ஓரம் கூடியிருந்த ஜனம் இரண்டடி பின்வாங்கியது. ஐஸ் மேல் நாள் பூராவும் தூங்குவதுதான் அதன் வேலையாம். பிறகு எட்டுக் கால் வைத்து ஒரு சிலந்தி. கடலடிச் சிலந்தி, சாப்பாட்டுத் தட்டு அகலம், வலையில் ஏறி வருமாம். “ச்சீ!” என்று கத்திவிட்டேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இருபது கைகளோடு ஒரு நட்சத்திர மீனையும் சேர்த்து வரைந்து என்னைப் பார்த்தான். நான் மறுபடியும் “ச்சீ!” என்றேன். வேண்டுமென்றேதான்.

இத்தனையும் எதைத் தின்று உயிர் வாழ்கின்றன என்று பிபிக் கேட்டார். பசிக்காலம் இல்லையா, எங்களுக்கு எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான் வரும். மேனேஜர் சுண்டு விரலில் பாதியைக் காட்டினான். சின்ன இறால். கூட்டம் கூட்டமாக வந்தால் கடலே சிவந்துவிடும். அவ்வளவு பெரிய திமிங்கிலமும் அதைத்தான் தின்கிறதாம்.

பிபிக் ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய் ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். எங்கள் கடற்கரையில் வலை தள்ளிப் பிடிக்கும் கெராகாவ் என்ற பொடி இறாலை உப்பில் ஊறவைத்த சிஞ்சாலோக். இளஞ்சிவப்பாகக் கண் கண்ணாக மிதக்கும்.

“இதுவா?” என்றார்.

மேனேஜர் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “இதேதான்! இதேதான்! அங்கே இதைவிடக் கொஞ்சம் பெரிசு!” என்று குதித்தான். நாங்களும் குதித்தோம். எங்கள் தெங்கேராக் கடற்கரையில் பிடிக்கிற கெராகாவுக்கு உலகத்தின் அந்தக் கோடியில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அதைத் திமிங்கிலம் தின்கிறது என்று கேட்டால் யார்தான் குதிக்கமாட்டார்கள்? மரவள்ளிக்கிழங்குக்கு அதைத் தொட்டுக்கொண்டு தின்றே நாக்குச் செத்துப்போயிருந்தது. அன்று சாயங்காலம் அதுவே எனக்குப் புதுசாக ருசித்தது.

கிளம்பும்போது பிபிக் கடிதத்தைப் பற்றிப் பேசினார். மேனேஜரின் முகம் பழையபடி இறுகிவிட்டது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வருவேன், போர்டு பிடித்திருந்தால் கடிதம், இல்லாவிட்டால் இல்லை என்றான். அவ்வளவுதான். கரியைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

மூன்று நாளும் எங்கள் வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது. பலகை கிடைக்கவில்லை, படுக்கையறைக் கதவைக் கழற்றினோம். டின் அடியில் கிடந்த பழைய வெள்ளைப் பெயிண்டு பெங்குவின் வயிற்றுக்கு. விளக்குக் கரியும் எண்ணெயும் முதுகுக்கு. வார்னிஷில் குழைத்த மஞ்சள் தூள் கழுத்துக்கு. அவர் கோயில் கையா, பெங்குவினைப் பக்கவாட்டில் போட மனசு வரவில்லை. சாமி மாதிரி நேருக்கு நேர் பார்த்து நிற்க வைத்தார். அதோடு விட்டாரா? காலடியில் ஒரு தாமரையைப் போட்டார்!

“ஏங்க, ஐஸ் மேல நிக்கிற கோழிக்கு எதுக்குங்க தாமரை? உங்களைச் சயாமுக்கு அனுப்பவா?” என்று கத்தினேன்.

“கை அதுவா போவுது புள்ள, நான் என்ன பண்ண?” என்று தாமரையை அழித்து ஐஸ் கட்டியாக்கினார். பக்கத்தில் கடல்நாயைத் தூங்குகிற மாதிரி போட்டார். அதன் மீசை எங்கள் காவல் தெய்வத்தின் மீசை. கீழே வரிசையாகக் கெராகாவ், ஒவ்வொன்றுக்கும் கறுப்புப் பொட்டாகக் கண். தின்கிற பண்டத்துக்குக் கண் வைக்க யாரும் நேரம் பார்ப்பதில்லை. பார்க்க வந்த பிபிக், பெங்குவின் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் மாதிரி இருக்கிறது என்றார்.

கடல்நாய் தூங்குவதால் அதற்குக் கண் வேண்டியதில்லை. ஆனால் பெங்குவினுக்கு வேண்டும். அங்கேதான் வந்தது வினை. வாகனம் செய்தால் கண்ணைக் கடைசியாக, நல்ல நேரம் பார்த்து, சூரிய வெளிச்சத்தில் திறக்க வேண்டும். திறந்த கண் முதலில் உடையவனைப் பார்க்க வேண்டும். இது என் வீட்டுக்காரருக்கு மூச்சு விடுகிற மாதிரி. பெங்குவினானாலும் சரி, பெருமாள் கருடனானாலும் சரி, அவருக்கு ஒன்றுதான்.

நேரம் பார்ப்பது என் பொறுப்பு. ஏனென்றால் கடிகாரம் என்னுடையது. ஜப்பான்காரன் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளித் தோக்கியோ மணி ஆக்கிவிட்டான். மீறினால் உதை. நான் தள்ளவில்லை. அவன் மணி அவனுக்கு, என் மணி எனக்கு என்று என் அப்பா கொடுத்த மேசைக் கடிகாரத்தைப் பழைய மணியிலேயே விட்டு, காலியாகக் கிடந்த அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். ராகுகாலம் சூரியனோடு போகிறதா, தோக்கியோவோடு போகிறதா? வெளியே எதற்குப் போனாலும் ஒன்றரை மணியைக் கூட்டிக்கொள்வேன். ஒரு தரம்கூடத் தப்பியதில்லை.

அந்தத் தரம் தப்பியது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. மேனேஜர் வருவதும் ஒன்பது. “பாருங்க, ராகு போவவும் அவன் வரவும் சரியா இருக்கு! அவன் நடந்து வர்றப்ப கண்ணைத் திறங்க, முதப் பார்வையே அவன் மேல விழும்!” என்று கைதட்டினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பொருத்தத்தில் மயங்கி, அவன் ஒன்பது வேறு என் ஒன்பது வேறு என்பதை மறந்தே போனேன். அவருக்கும் தோன்றவில்லை. நேரம் விஷயத்தில் என் வாயை நம்பியே பழகியவர்.

திங்கட்கிழமை காலை குளித்து, திருநீறு பூசி, கதவுப் பலகையை வாசலில் சாத்தி வைத்தோம். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளை வட்டம். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது என்று நான் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் மணி அடித்தது. மேனேஜர் வந்து இறங்கினான்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஐயோ, கெடுத்தேனே குடியை! கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

மேனேஜர் போர்டைப் பார்த்தான். மஞ்சள் கழுத்தைப் பார்த்தான். தூங்கும் கடல்நாயைப் பார்த்து மூக்கால் சிரித்தான். கெராகாவை விரலால் எண்ணுகிற மாதிரி தொட்டான். பிறகு முகத்துக்கு வந்தான். சிரிப்பு நின்றது.

“மாத்தா மானா?” கண் எங்கே?

பிபிக் வேலியைத் தாண்டி வந்து, கண் திறக்க இது கெட்ட நேரம், ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கலாம் என்று சொன்னார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“இப்போது ஒன்பதுதானே?”

அந்த நேரம் பார்த்து, ஏழரை ஆனதற்கு, என் கடிகாரம் பானைக்குள்ளிருந்து ‘டங்’ என்று ஒரு தரம் அடித்தது.

மேனேஜர் நேராக உள்ளே போய்ப் பானை மூடியைத் தூக்கினான். கடிகாரத்தை வெளியே எடுத்தான். “யார்?” என்றான். “சயா, நான்தான்” என்று மலாயிலும் தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தேன். அவன் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டான். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. பிறகு கடிகாரத்தின் முள்ளைத் தன் விரலாலேயே திருகி ஒன்பதில் நிறுத்தி, எங்கள் முன்னால் வைத்தான்.

“ஒன்பது ஆகிவிட்டது. கெட்ட நேரம் போய்விட்டது. திற.”

என் வீட்டுக்காரர் தூரிகையை எடுத்தார். கரியில் தொட்டார். அப்படியே நின்றார். தீட்டித் தொலையுங்களேன், தீட்டித் தொலையுங்களேன் என்று என் உடம்பு பூராவும் கத்தியது. சயாம் லோரி மத்தியானம் வரப்போகிறது, இந்த மனுஷருக்கு ராகுகாலமா பெரிசு?

“பிபிக், அவர்கிட்ட சொல்லுங்க,” என்றார் மெதுவாக. “முள்ளைத் திருப்பலாம். சூரியனைத் திருப்ப முடியாதே.”

பிபிக் சொல்லலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கோபம்தான், வேறென்ன. பிபிக் சொன்னார்.

மேனேஜர் வாசலுக்குப் போய் வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றான். இன்னொரு அறை வரும் என்று நான் பல்லைக் கடித்தேன். திரும்பி வந்தவன் கேட்டது வேறு. உங்கள் ஊரிலும் பொம்மைக்குக் கண் வைக்காமல் விடுவீர்களா?

பிறகு அவனே சொன்னான். அவன் ஊரில் உருண்டையான சிவப்புப் பொம்மை ஒன்று விற்பார்களாம், இரண்டு கண்ணும் வெறும் வெள்ளை. மனசில் ஒன்றை நினைத்து வேண்டிக்கொண்டு ஒரு கண்ணை வைக்க வேண்டும். நினைத்தது நடந்தால் அடுத்த கண். கப்பலில் தெற்கே போன ஒவ்வொரு தரமும் அவன் அம்மா ஒரு கண்ணை வைப்பாளாம். அவன் வீடு திரும்பியதும் மற்றதை வைப்பாளாம். “இந்தத் தரமும் ஒன்றை வைத்திருக்கிறாள்,” என்றான்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்து தூரிகையை வாங்கினான். “கெட்ட நேரம் என் மேல் வரட்டும்” என்றான். பெங்குவினின் இடது கண்ணை அழுத்தமாக ஒரே சுழியில் வைத்தான். வலது கண் வெள்ளையாகவே இருந்தது. “நான் ஊருக்குப் போகிற அன்றைக்கு அது” என்றான். சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் முத்திரையையும் எடுத்து, எங்கள் கிணற்றுமேட்டில் வைத்துக் கடிதம் எழுதினான்.

கடிதம்! நான் அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். மத்தியானம் லோரி வந்தது. பட்டியல்காரன் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரை அடித்தான். எங்கள் வரிசையிலிருந்து மற்றவர்கள் ஏறிக்கொண்டு போனார்கள். என் மனசு துள்ளியது. துள்ளியதற்கு வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே துள்ளினேன்.

ஐஸ் கம்பெனி வாசலில் ஒற்றைக் கண் பெங்குவின் ஏறியது. என் வீட்டுக்காரர் அங்கேயே ஐஸ் அறுக்கும் வேலையில் இருந்தார். சண்டை முடிந்தது. ஒரு நாள் டவுனில், பண்டார் ஹிலிர் பக்கம், ஜப்பான் கைதிகளை வைத்துச் சாக்கடை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் மேனேஜரும் நின்றான், மூக்குக் கண்ணாடி இல்லாமல். எங்களைப் பார்த்ததும் சேற்றுக் கையால் தன் வலது கண்ணைத் தொட்டுக் காட்டினான்.

“பாவம், ஊருக்குப் போறான் போல. நான் போயி அந்தக் கண்ணை வச்சிடறேன்,” என்றார் இவர்.

“வச்சீங்கன்னா கையை ஒடிச்சிடுவேன்!” என்றேன். “என் தம்பியக் கொண்டு போனானுங்களே, அவன் வந்தானா? அவன் வந்தாத்தான் அந்தக் கண்ணு. இல்லன்னா அது அப்படியே கெடக்கட்டும்.” வீட்டுக்கு வந்ததும் தூரிகையைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். மேனேஜர் வைத்த வேண்டுதலை நான் பிடுங்கிக்கொண்டேன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

சயாமிலிருந்து ஆட்கள் லோரி லோரியாக வந்தார்கள். ஒவ்வொரு லோரிக்கும் போய் நின்றேன். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். எல்லாம் ஒரே முகமாக இருக்கும், எலும்பும் பல்லும். மாதக்கணக்கில் போய்ப் போய்த் திரும்பினேன்.

ஒரு நாள் இவருக்குச் சோறு கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு லோரி நின்று யாரையோ இறக்கிவிட்டுப் போனது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஏக்கா, இந்தக் கோழிக்கு ஒத்தைக் கண்ணுதானா?”

முகத்தைப் பார்த்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்காது. குரல்தான். தடியை ஊன்றிக்கொண்டு போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான் என் தம்பி. நான் போட்ட கூச்சலில் உள்ளே ஐஸ் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் ரம்பத்தோடு ஓடிவந்தார்கள். கட்டிப் பிடித்தால் ஒடிந்துவிடுவான் போல இருந்தான். அழுதேனா சிரித்தேனா, இரண்டும்தான்.

அவனைத் திண்டில் உட்காரவைத்துச் சோற்றைக் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடி, பானையிலிருந்து தூரிகையை எடுத்துக்கொண்டு, விளக்குக் கரியைக் குழைத்துக்கொண்டு திரும்ப ஓடிவந்தேன். ஏணியைச் சாத்தச் சொன்னேன். பொம்பளை ஏணி ஏறுவதா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

“நேரம் பார்த்தியா?” என்று கீழேயிருந்து கேட்டார் இவர்.

“பார்க்கல!”

அப்புறம் யோசித்தால் அது வெள்ளிக்கிழமை பதினொரு மணி, சுத்தமான ராகுகாலம். ஏணி ஆடியது. அந்த ஜப்பான்காரனும் எங்கேயாவது அவன் அம்மாகிட்டப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். திறந்த கண் நேராகத் திண்டில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த என் தம்பியைப் பார்த்தது.

அந்தப் போர்டு மழையில் உளுத்துப்போகும் வரைக்கும் அங்கேதான் தொங்கியது. வலது கண் இடது கண்ணைவிடக் கொஞ்சம் பெரிசு. அது நான் வைத்தது.